இறக்கி வைக்க ஓர் ஆள்

அன்று வீட்டில் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர், சார். என் சம்சாரம் செண்பகவல்லி, கட்டிலில். கோயம்புத்தூரிலிருந்து வந்த மகள் இந்திராணி. அவள் புருஷன் பொன்ராஜ். வாரத்துக்கு மூன்று நாள் வந்து செண்பகவல்லியின் காலுக்கும் கைக்கும் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தா. கடலைமிட்டாய் போடுகிற இடத்தில் பாக்கெட் கட்டும் பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய். ஜிம் மாஸ்டர் காசிராஜன். கடைசியாக நான், ஆவுடையப்பன். பேச்சித்தாயின் பூனை ஒரு தடவை உள்ளே வந்து வெளியே போனது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஏப்ரல் ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணி.

நீங்கள் கேட்டது கீழே என்ன சத்தம் என்று. அதற்கு இந்த ஏழு பேரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து தடவை 'தொம்'மென்று கேட்கிறது என்றீர்கள். பத்து இல்லை சார். நேற்று நான்கு, முந்தாநாள் ஆறு. குறைந்துகொண்டுதான் வருகிறது.

உட்காருங்கள். நீங்கள் மாடிக்குக் குடிவந்து பதினோரு நாள் ஆகிறது. நானே வந்து பார்த்திருக்க வேண்டும். படி மொத்தம் பதினெட்டு, மூன்று தடவை ஒன்பதாவது படி வரைக்கும் வந்தேன். நீங்கள் போனில் பேசிக்கொண்டிருப்பது போலத் தெரிந்தது, திரும்பிவிட்டேன். எனக்கு அதிகம் பேச வராது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்புவரை படித்தேன். அதன்பிறகு இதே கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் முப்பத்தொரு வருடம் வேலை. லாரியில் பண்டல் ஏற்றும்போது பக்கத்தில் நின்று எண்ணுவேன். எண்ணுவதுதான் என் வேலை, தூக்குவது இல்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு பண்டல்கூட நான் தூக்கியதில்லை, ஒரு பண்டல்கூட எண்ணிக்கையில் தப்பியதுமில்லை.

போன ஐப்பசியில் செண்பகவல்லிக்குப் பக்கவாதம் வந்தது. இடது காலும் இடது கையும் வராது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர்கூட ஆச்சரியப்பட்டார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு என்று அவளைத் தூக்கி வைக்க ஓர் அம்மா வேலைக்கு வந்துகொண்டிருந்தார். நவம்பர் கடைசியில் அந்த அம்மா ஒரு நாள், மகளுக்குப் பிரசவம் வருகிறது, மார்ச் முடிய வருவேன், அதற்குமேல் வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

இந்திராணி போனில் கேட்டுவிட்டு உடனே முடிவு பண்ணிவிட்டாள். "ஏப்ரல்ல அம்மா எங்ககூட வரட்டும்."

"எதுக்கு? நான் தூக்குவேன்" என்றேன்.

"அப்பா, நீங்க கேஸ் சிலிண்டரே தூக்கினதில்ல. எப்பவும் உருட்டிட்டுத்தான் போவீங்க."

அது உண்மைதான். உருட்டினால் போதும் என்கிற சாமானை எதற்குத் தூக்குவது?

நானும் கோயம்புத்தூர் போகலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். மாப்பிள்ளை நல்லவர், வாங்க மாமா என்றுதான் சொன்னார். ஆனால் அது பத்தாவது மாடி, எனக்கு ஹாலில் ஒரு சோபா. போன தடவை இரண்டு நாள் இருந்தேன். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. இரண்டு நாளில் மொத்தம் நான்கு டம்ளர் குடித்தேன், அதுவும் அவர்களாகக் கொடுத்தது. அங்கே எப்படி நிரந்தரமாக இருப்பது? அவள் போனால் அவள் மட்டும்தான் போக வேண்டும். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடம், சார். இந்திராணி பிறந்தபோது அவள் தாய்வீட்டில் இருந்த நூற்றுப் பன்னிரண்டு நாள் தவிர வேறு நாள் பிரிந்ததில்லை.

அதனால் டிசம்பர் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, ஜிம்முக்குப் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டயர் கடை மாடியில் இருக்கிறதே, அதுதான். காலையில் ஒன்பது பேர் வருவார்கள், நான் பத்தாவது. மாஸ்டர் காசிராஜன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணாச்சி, நடக்குற மெஷின் அந்தப் பக்கம்."

"நடக்க இல்லை, தூக்க" என்றேன். விவரமும் சொன்னேன்.

 அவன் சுவரில் தொங்கிய படங்களைக் காட்டினான். "இது படுத்துக்கிட்டுத் தூக்குறது. கை, நெஞ்சு எல்லாம் பலமாகும். ஆனா தலைமாட்டுல ஒரு ஆள் நிக்கணும். கம்பி நெஞ்சுல உக்காந்துட்டா எடுத்துவிட ஆள் வேணும்ல? இது குந்தித் தூக்குறது. இதுக்கும் பின்னால ஆள் வேணும். இது தரையிலேருந்து எடுத்து நிமிர்றது."

"அதுக்கு ஆள்?"

"அதுக்குத் தேவையில்ல. முடியலன்னா கீழ போட்டுறலாம். ரப்பர் தட்டுதான், ரப்பர் தரைதான்."

"அது போதும்" என்றேன்.

"அண்ணாச்சி, வயசு அறுபத்தேழு. எதைத் தூக்கினாலும் பக்கத்துல ஒரு ஆள் நிக்கட்டும். யார்ட்டயாவது ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வந்து நிப்பாங்க."

அந்த ஒரு வார்த்தைதான் சார். மற்றவர்கள் அவரவர் வேலையில் இருப்பார்கள். ஒருவன் முகம் சிவக்கத் தூக்கிக்கொண்டிருக்கிறான், அவனிடம் போய் தம்பி, எனக்கு என்று எப்படி ஆரம்பிப்பது? யாரையும் தொந்தரவு செய்யாத பழக்கம் எனக்கு. தரையிலிருந்து தூக்குவதையே வைத்துக்கொண்டேன்.

வெறும் கம்பியே இருபது கிலோ. அதில் ஆரம்பித்தேன். திங்கட்கிழமைதோறும் இரண்டரை கிலோ கூட்டுவது என்று திட்டம்.

எவ்வளவு வரை கூட்டுவது? அதற்கு அவள் எடை சரியாகத் தெரிய வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'சுமார் 55' என்று போட்டிருந்தது. சுமார் என்று ஒரு கணக்கா? நிற்க முடியாதவளை வீட்டு மெஷினில் ஏற்ற முடியாது. தெருமுனைப் பழைய இரும்புக் கடையில் தரையோடு தரையாக ஒரு பெரிய தராசு இருக்கிறது. சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போய் ஏற்றினேன். நாற்காலி மட்டும் பதினேழு கிலோ இருநூறு. அதைக் கழித்தால் அவள் ஐம்பத்தாறு கிலோ முந்நூறு.

தராசில் உட்கார்ந்துகொண்டே கேட்டாள். "என்னை எடைக்குப் போட்டுட்டுப் பேரீச்சம்பழம் வாங்கிட்டுப் போகப் போறீகளா?"

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் தராசு முள் ஆடியது. இன்னொரு தடவை பார்க்க வேண்டியதாகிவிட்டது.

மாதம் ஒன்றாம் தேதி தவறாமல் கொண்டு போனேன். ஜனவரியில் ஐம்பத்தேழரை. பிப்ரவரியில் ஐம்பத்தெட்டு எண்ணூறு. மார்ச்சில் ஐம்பத்தொன்பது அறுநூறு. நான் ஏறுகிறேன், அவளும் ஏறுகிறாள். எங்கிருந்து வருகிறது இந்தக் கிராமெல்லாம் என்று பார்த்தால், பேச்சித்தாய் வேலை செய்யும் இடத்தில் உடைந்துபோன கடலைமிட்டாயைத் தினமும் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுக்கிறாள். தலையணைக்கு அடியில் மூன்று துண்டு இருந்தது.

"இப்படித் தின்னா நான் எப்படித் தூக்குறது?" என்றேன்.

"நீங்க தூக்குறதுக்காக நான் பட்டினி கிடக்கணுமா? வேணும்னா நீங்க இன்னும் ரெண்டு தட்டு மாட்டிக்கோங்க."

மாட்டிக்கொண்டேன். வேறு வழி?

ஜிம்மில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. ஒரு பக்கம் பெயர், ஒரு பக்கம் அவரவர் எட்ட வேண்டிய எடை. எல்லாரும் நூறு, நூற்றிருபது என்று எழுதியிருந்தார்கள். என் எண் மாதாமாதம் மாறுகிறதே, தவறான எண்ணை எழுதிவைக்க எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் 'செண்பகவல்லி' என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக அந்த மாத எடையைப் போட்டு வைத்தேன். அதுதான் சரியான விவரம். ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் அது எப்படியோ பழகிப்போய், நான் தூக்குகிற கம்பியையே அந்தப் பெயரில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி, செண்பகவல்லி இன்னைக்கு எத்தனை தடவை?"

"ஏய், செண்பகவல்லியை யாருடா ஓரமா உருட்டி விட்டது?"

அவள்மேல் அவர்களுக்கு எவ்வளவு அக்கறை என்று எனக்குச் சந்தோஷம்தான். வீட்டில் சொல்லவில்லை. சொல்லும்படி ஒரு சந்தர்ப்பம் வரவில்லை.

மாஸ்டர் அடிக்கடி ஒன்று சொல்வான். "அண்ணாச்சி, தூக்குறதை மட்டும் எண்ணுதீங்க. இறக்குறதையும் எண்ணுங்க. மெதுவா இறக்கணும்." நான் மேலே ஏறினதும் ஒன்று என்பேன், கைவிட்டுவிடுவேன். 'தொம்.' அடுத்தது இரண்டு. லாரிக்கு ஏற்றுகிறதைத்தானே எண்ணுவார்கள், இறக்குகிறதை எண்ணுவது வாங்குகிற ஊர்க்காரன் வேலை.

மார்ச் முப்பதாம் தேதி, பதினெட்டாவது திங்கட்கிழமை, அறுபத்திரண்டரை கிலோ தூக்கினேன். என்னைச் சுற்றி நின்று ஒன்பது பேரும் கைதட்டினார்கள். ஏப்ரல் ஒன்று, இரும்புக் கடைத் தராசு அறுபது கிலோ தொள்ளாயிரம் காட்டியது. எனக்கு ஒரு கிலோ அறுநூறு கிராம் மிச்சம். வேலைக்கு வந்த அம்மா, ஞாயிறு வரை மட்டும் வருகிறேன் என்றிருந்தார். இந்திராணிக்குப் போன் பண்ணி, வந்து பார் என்றேன்.

டீ ஆறுகிறது, குடியுங்கள் சார்.

வந்தார்கள். நான் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை. மாஸ்டரை நான் கூப்பிடவில்லை, விஷயம் தெரிந்து அவனாகவே வந்துவிட்டான். செண்பகவல்லியைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் சக்கர நாற்காலி, பிரேக் போட்டு. தூரம் இரண்டே அடி.

ஜெசிந்தா சொன்னாள். "அங்கிள், தூக்காதீங்க. அம்மா வலது கால் நல்லா ஊன்றாங்க. நீங்க அணைச்சுப் பிடிச்சு நிக்க வைங்க, அப்படியே திருப்புங்க, உக்கார வைங்க. அவ்வளவுதான். நான் பக்கத்துல நிக்கவா?"

"வேண்டாம்மா" என்றேன்.

அணைத்துத் திருப்பி உட்கார வைக்கவா பதினெட்டு வாரம்? அது தூக்க முடியாதவர்களுக்குச் சொல்கிற முறை. நான் காலை அகட்டினேன். முதுகை நேராக்கினேன். இரண்டு கையையும் அவள் அக்குளுக்குக் கீழே கொடுத்து, முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன்.

"என்ன செய்யுதீக? நான் ஊன்றணுமா வேண்டாமா?" என்றாள்.

"பேசாதே" என்றேன். மூச்சைப் பிடித்தேன். தூக்கினேன்.

ஏறிவிட்டாள், சார்! இரண்டு காலும் தரையை விட்டு ஒரு சாண். கட்டில் கிறீச்சென்றது. நான் நிமிர்ந்து நின்றேன். மாப்பிள்ளை, "மாமா!" என்றார். மாஸ்டர் காசிராஜனுக்கு ஜிம் ஞாபகம் வந்துவிட்டது போல. கையைத் தட்டிக்கொண்டு கத்தினான்.

"செண்பகவல்லி ஏறிட்டா! செண்பகவல்லி ஏறிட்டா! அவ்வளவுதான் அண்ணாச்சி, போடுங்க! போட்டுருங்க!"

என் தோளுக்கு மேலே இருந்து குரல் வந்தது. "யாரைலே போடச் சொல்லுத?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போட முடியாது. இறக்க வேண்டும். மெதுவாக, நாற்காலிக்கு நேராக, பின்பக்கம் முதலில் படும்படி. அதை நான் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. டிசம்பரிலிருந்து ஆயிரத்து நூற்று எழுபது தடவை தூக்கியிருக்கிறேன், இறக்கினது பூஜ்யம்.

நின்றேன். மனசுக்குள் எண்ணினேன். நான்கு. ஐந்து. ஜெசிந்தா இரண்டடி தூரத்தில் நிற்கிறாள். பேச்சித்தாய் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிடிங்க என்று. எட்டு. ஒன்பது. அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. ஒவ்வொருத்தரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், நன்றாகத் தூக்கிவிட்டேன் என்று நினைத்து. பதினொன்று. பன்னிரண்டில் கோத்த விரல் ஒன்று வழுக்கியது.

"ஏ பேச்சி, ஜெசிந்தா, ரெண்டு பேரும் வந்து பிடிங்க!" என்றாள் செண்பகவல்லி, என் காதோரத்தில். "இவுக கேக்க மாட்டாக. நான் கீழ விழுந்தப்புறம்கூட, தூக்கிவிடுங்கன்னு யார்ட்டயும் கேக்க மாட்டாக. பஸ்ல வெயில் மூஞ்சில அடிச்சாக்கூட ஜன்னல் சீட்டுக்காரர்ட்ட ஷட்டரை இறக்கச் சொல்ல மாட்டாக. ஓடி வாங்க!"

இரண்டு பேரும் பாய்ந்து பிடித்தார்கள். பதினாறாவது விநாடி அவள் நாற்காலியில் இருந்தாள். ஒரு கீறல் இல்லை.

 அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு மாஸ்டரைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, செண்பகவல்லி ஏறிட்டான்னு கத்தினியே. உனக்கு என் பேரு அவ்வளவு பழக்கமா?"

"அது வந்தும்மா... ஜிம்ல கம்பிக்கு அந்தப் பேரு."

"கம்பிக்கா?"

"அண்ணாச்சிதான் போர்டுல எழுதி வச்சாங்க. எடையும் போட்டு."

பேச்சித்தாய் சும்மா இருக்காமல், "எவ்வளவு மதினி?" என்றாள். செண்பகவல்லி பதில் சொல்லாததால் நான் சொன்னேன். "அறுபது கிலோ தொள்ளாயிரம்."

அதற்கப்புறம் அன்று சாயங்காலம் ஆறு பத்து வரை என்னோடு அவள் பேசவில்லை. காரணம் இன்றுவரை தெரியவில்லை. எடையைச் சரியாகத்தான் சொன்னேன்.

ஆறு பத்துக்கு இந்திராணியையும் வைத்துக்கொண்டு பேசினாள். இந்திராணி அதற்குள் சூட்கேசை இறக்கி அம்மாவின் புடவைகளை அடுக்க ஆரம்பித்திருந்தாள்.

"அதை மூடு. எனக்கு அந்தப் பத்தாவது மாடி வேண்டாம்" என்றாள் செண்பகவல்லி. "ஆனா இவுக தனியா என்னைத் தொடவும் கூடாது. பலம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஜெசிந்தா சொன்ன மாதிரித்தான் எந்திரிக்க வைக்கணும், பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு இவுகளுக்கே தெரியும். அத்தனைக்கும் ஆள் வேணும். இவுகளே வாயைத் திறந்து கேக்கணும். நான் கேக்க மாட்டேன், பேச்சியும் கேக்கக் கூடாது. மாசம் முடியறதுக்குள்ள ஒண்ணு குறைஞ்சாலும் நான் இந்திராணிகூடப் போறேன்."

"அப்பாவா? கேக்கவா?" என்று சிரித்தாள் இந்திராணி. சிரித்தாளே தவிர, லீவு போட்டு முப்பதாம் தேதி வரை இங்கேயே தங்கிவிட்டாள். ஆள் அமையாத நேரத்துக்கு இப்போதைக்கு அவள்தான் பக்கத்தில் நிற்கிறாள். இப்போது கடைக்குப் போயிருக்கிறாள். முப்பதாம் தேதி ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறாள், அவளுக்கும் அம்மாவுக்கும். இன்று இருபத்தெட்டு.

ஒரு நாளைக்கு ஆறு தடவை, சார். காலை ஆறு மணிக்குக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு. ஏழேகாலுக்குக் குளியல் ஸ்டூலுக்கு. ஏழு நாற்பதுக்குத் திரும்ப நாற்காலிக்கு. மத்தியானம் ஒன்றரைக்குக் கட்டிலுக்கு. மூன்றேகாலுக்கு மறுபடி நாற்காலிக்கு. இரவு எட்டரைக்குக் கட்டிலுக்கு. மற்ற வசதி எல்லாம் அந்த நாற்காலியிலேயே இருக்கிறது.

முதலில் பேச்சித்தாய். மூன்று நாள் அவள் வாசலில் போய் நின்றேன். மூன்றாம் நாள் நேரத்தையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதைக் கேக்கவா அண்ணாச்சி வந்தீக? கறிவேப்பிலைக்கு வந்து கூச்சப்பட்டுக்கிட்டு நிக்கீகன்னுல்ல ரெண்டு நாளும் பறிச்சுக் குடுத்தேன்!"

எனக்கும் அதுதான் குழப்பம், எதற்குத் தருகிறாள் என்று. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறவள், ஆறு மணிக்குத் திரும்புகிறவள். காலையில் மூன்று, இரவு ஒன்று, ஆக நான்கு ஒத்துக்கொண்டாள்.

அடுத்து மாஸ்டர். ஜிம் பதினொன்றிலிருந்து நான்கு வரை பூட்டுதான். நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பலகையில் என் பெயருக்கு எதிரே செண்பகவல்லியை அழித்துவிட்டு, 'மதியம் 1.30, ஓர் ஆள்' என்று எழுதிவிட்டு வந்தேன். மறுநாள் பார்த்தால் அதற்குக் கீழே 'காசிராஜன்' என்று எழுதி ஒரு டிக் போட்டிருந்தான். ஆனால் மூன்று மணிக்கு அவன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போக வேண்டும்.

சத்தம் என்ன என்று கேட்டீர்களே, அது இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை. கட்டிலிலிருந்து எடுத்து ஸ்டூலில் மெதுவாக இறக்கிப் பழகுகிறேன். ஐந்து எண்ணுவதற்குள் இறங்கக் கூடாது, அதற்குள் கைநழுவினால்தான் அந்தத் 'தொம்'. ஜெசிந்தா இப்போதும் தூக்காதீங்க அங்கிள் என்றுதான் சொல்கிறாள். நான் தூக்குவதற்காகச் செய்யவில்லை, இறக்குவதற்காக.

கேட்டீர்களா, உள்ளேயிருந்து அவள்தான். "கேட்டாச்சா இல்லையா?" என்கிறாள். இல்லை, உங்களை இல்லை சார், என்னைத்தான்.

வந்துகிட்டே இருக்கு, பேசாம இரு!

அவளுக்குப் படுத்துக்கொண்டே இருக்கிறதால் காது கூர்மை. நீங்கள் பகல் முழுக்க மேலே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறீர்களாம். தினமும் மூன்று பத்துக்கு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்கிறீர்களாம். பதினோரு நாளும் அதே நேரமாம். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கவனிக்கவில்லை. கவனித்தது இரண்டு நாள்தான், சரிபார்ப்பதற்காக.

நீங்கள் கீழே வந்தால் நின்றாலே போதும். பிடிக்கக்கூட வேண்டாம், அவள் காலை ஊன்றிக்கொள்வாள். இரண்டு நிமிடம் ஆகாது, ஒரு நிமிடம் நாற்பது விநாடி.

நான் எதுவும் கேட்கவில்லை சார். கணக்கைத்தான் சொன்னேன். ஒரு நாளைக்கு ஆறு. பேச்சித்தாய் நான்கு, மாஸ்டர் ஒன்று. மீதி ஒன்று.